ஞாயிற்றுக்கிழமை நகர்ந்த மவுஸ்

அத்தியாயம் 14

மார்ச் 11, செவ்வாய்.

தவறு: திரைப் பூட்டு விதிக்கான படிவத்தில் ‘எந்தெந்த அறைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘எல்லா அறைகளும்’ என்று எழுதினேன். பத்தொன்பது நாள் கழித்து, இன்று அதைக் கோப்பில் வைக்கும்போதுதான் உறைத்தது. அம்மா வேலை செய்யும் அறைக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

காரணம்: கட்டம் சின்னது. ‘எல்லா’ அதில் அடங்கியது. (இது காரணமா, சாக்கா? தெரியவில்லை.)

நாளை: அந்த அறையைப் போய்ப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அம்மா பேசினால்.

அம்மா பேசவில்லை. புதன்கிழமை காலை, சாப்பாட்டு டப்பாவை மகளின் முன்னால் வைத்த சத்தம் மட்டும் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாக இருந்தது.

“அக்கா, டப்பா என்ன தப்பு பண்ணுச்சு?” என்றார் மாமா. அம்மாவின் தம்பி. டீயை நின்றுகொண்டே குடிப்பவர்.

“உன் மருமகளைக் கேளு.”

“மருமகளே, நீ சொல்லு. இன்னைக்கு எதைப் பூட்டப் போறே? அடுப்பங்கரையா, பாத்ரூமா?”

“மாமா, போங்க.”

“பாத்ரூம்னா ரெண்டு நிமிஷம் பத்தாதும்மா பூட்டுக்காரி. முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

மூன்று பேர் உள்ள வீடு அது. மூன்று பேரும் ஒரே கட்டடத்தில்தான் வேலை செய்தார்கள். ஊரில் பாதி மருத்துவர்கள் ரத்தக் குழாய்களை அனுப்பிவைக்கும் பெரிய பரிசோதனைக் கூடம். மாமா வண்டி ஓட்டி அந்தக் குழாய்களைச் சேகரித்து வருவார். அம்மா கீழ்த்தளத்தில், வந்த குழாய்களைப் பெற்றுப் பதிவு செய்யும் அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். மகள் இரண்டாம் மாடியில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. பகலில் வேலை, மாலையில் அதே துறையில் வகுப்பு. தினமும் ஒரு தவறு, ஒரு காரணம், மறுநாளுக்கு ஒரு வேலை என்று மூன்று வரி எழுதும் பழக்கம் அந்த வகுப்பில் வந்தது.

இருபது நாளைக்கு முன்பு வரை வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் வேறெங்கோ ஒரு பரிசோதனைக் கூடத்தில், திறந்து கிடந்த கணினியில் யாரோ உட்கார்ந்து நோயாளிகளின் முடிவுகளைப் படம் எடுத்துப் பரப்பிய செய்தி வந்தது. இங்கே பாதுகாப்புப் பிரிவின் தலைவி ஒரே நாளில் விதி போட்டார். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும். திறக்கப் பதினான்கு எழுத்துக் கடவுச்சொல். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆணையைத் தட்டச்சு செய்தவள் மகள்.

“ரெண்டு நிமிஷத்துல தூங்கிப்போற கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?” என்று அன்று இரவு அம்மா கேட்டாள்.

“பழகிடும்மா” என்றாள் மகள்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அம்மா டப்பாவின் மூலமாகத்தான் பேசினாள். ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகு மாமாவிடம் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போல என்று மகள் நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதி புதன்கிழமை காலை பதினொன்றரை மணி வரைதான் நீடித்தது.

பதினொன்றரைக்குத் தலைவி அவளை அறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். சத்தம் போடாதவர். கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அன்று மூடி கழன்றே மேஜையில் கிடந்தது.

“இதைப் பாரு. கீழே சாம்பிள் வாங்குற ரூம். மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்.”

மகள் திரையைப் பார்த்தாள். மற்ற எல்லாக் கணினிகளும் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை பூட்டியிருந்தன. மூன்றாம் எண் மட்டும், விதி வந்த மூன்றாம் நாளிலிருந்து பகலில் பூட்டியதே இல்லை. காலையில் திறந்தால் இரவு எட்டு மணிக்குத்தான். பதினோரு விநாடிக்கு ஒரு முறை மவுஸ் நகர்ந்துகொண்டே இருந்தது. இடமும் வலமும். ஒரு தடவைகூட இடைவெளி மாறவில்லை.

“மனுஷங்க கை இப்படி நகராது” என்றார் மேடம். “இன்னும் இருக்கு. இது போன ஞாயிறு.”

ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு விடுமுறை. வெளிக்கதவு பூட்டியிருக்கும். யாரும் உள்ளே போகவில்லை என்று கதவின் பதிவே சொன்னது. ஆனாலும் காலை முதல் இரவு வரை பதினோரு விநாடிக்கு ஒரு முறை மவுஸ் நகர்ந்திருந்தது.

மகள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“வெளியிலேருந்து நெட் வழியா யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கான்” என்றார் மேடம். “திறந்து வச்சிருக்கிற பேரு யாருதுன்னு பார்த்தியா?”

பார்த்தாள். அம்மாவின் பெயர்.

“பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்காங்க. இல்லேன்னா யாரோ திருடியிருக்காங்க. உங்க அம்மாங்கிறதுக்காக நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வெளியாளு ரிப்போர்ட்டைப் பார்க்க வழி விட்டா அன்னைக்கே வேலை போகும். அந்த விதியை எழுதினதே நாமதான்.” மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டு மணிக்கு அந்த ரூமோட இணைப்பையே துண்டிக்கிறேன்.”

“மேடம், இப்போ அங்கே நானூறு சாம்பிள் இருக்கும். சிலது ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது.”

“தெரியும்.”

“பத்து நிமிஷம் கொடுங்க. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

சொன்ன பிறகுதான், எதைப் பார்க்கப் போகிறோம் என்று தனக்கே தெரியாதது அவளுக்கு உறைத்தது. மேடம் பேனா மூடியை எடுத்து மாட்டினார். அது சம்மதம்.

படியில் இறங்கினாள். அம்மா கடவுச்சொல்லை யாருக்காவது கொடுத்திருப்பாளா? அடுத்த வீட்டுக்குச் சாவி கொடுப்பதற்கே மூன்று நாள் யோசிப்பவள். ஆனால் பதினான்கு எழுத்தை எங்காவது எழுதி வைத்திருந்தால்? பழகிடும் என்று சொன்னது யார்?

கீழ்த்தள அறையின் வாசலில் மஞ்சள் கோடு இருந்தது. எத்தனையோ தடவை அம்மாவுக்குக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தபோது அவள் அந்தக் கோட்டிலேயே நின்றிருக்கிறாள். இன்று காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

“வாங்க பாதுகாப்பு மேடம்” என்றாள் அம்மா. இருபது நாளில் நேராகப் பேசிய முதல் வார்த்தை. “எங்களையெல்லாம் பார்க்க நேரம் கிடைச்சுதா?”

அம்மா இரண்டு கையிலும் கையுறையோடு, குழாய்களை மூடியின் நிறப்படி தாங்கியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெட்டையாக ஒருவர் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் அவர் ஓர் அடி நகர்ந்து எதையோ மறைத்தார். நெட்டையாக இருந்தவர் ஒல்லியாகவும் இருந்ததால் மறைக்க முடியவில்லை.

மூன்றாம் எண் கணினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை ஃபேன் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தது. அதன் கம்பிக் கூட்டில் ஒரு நூல். நூலின் மறுமுனையில் மவுஸ். மவுஸின் அடுத்த பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்ட், மேஜைக் காலோடு கட்டியிருந்தது. ஃபேன் வலப்பக்கம் திரும்பினால் நூல் மவுஸை இழுத்தது. இடப்பக்கம் திரும்பினால் ரப்பர் திரும்ப இழுத்தது. திரை பளிச்சென்று விழித்திருந்தது.

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு விநாடி. மறுபடியும் பார்த்தாள். பதினோரு விநாடி.

“அம்மா” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை…?”

அம்மாவின் முகம் சிவந்தது. “சனிக்கிழமை நான்தான் கடைசியா கிளம்பினேன். இதை நிறுத்த மறந்துட்டேன். திங்கக்கிழமை வந்து பார்த்தா பாவம், சுத்திக்கிட்டே இருக்கு.”

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெளியாளும் இல்லை, திருடனும் இல்லை. இரண்டாம் மாடியில் பேனா மூடியைக் கழற்றவைத்த எதிரி, ஒரு மேஜை ஃபேன். சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நெட்டையர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“என்னடி சிரிப்பு? ஃபேன் வச்சது தப்புன்னு எனக்கே தெரியும்.”

“அம்மா, பன்னெண்டு மணிக்கு இந்த ரூமையே மூடப் போறாங்க. உன்னை யாரோ வெளியாளுக்குக் கதவு திறந்துவிட்டவள்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

அம்மாவின் கை நின்றது. பிறகு ஒரு குழாயை எடுத்து, சரியான துளையில் வைத்தாள்.

நெட்டையர்தான் முதலில் பேசினார். “நூலைக் கழட்டிடலாம்மா. மவுஸ் கெட்டுப்போயி தானா நகர்ந்துச்சுன்னு எழுதிடு. எங்களுக்கும் தொல்லை இல்ல, உனக்கும் தொல்லை இல்ல.”

அந்த எண்ணம் மகளுக்கும் வந்து போயிருந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள். போனதா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

“அதெல்லாம் வேண்டாம்” என்றாள் அம்மா. “உள்ளதை எழுது. என் பேரையும் எழுது. ஆனா ஏன் வச்சோம்னும் எழுது. அதைத்தான் இதுவரைக்கும் எவரும் கேக்கல.”

“நான் கேக்கறேம்மா. ஃபேனை நிறுத்திட்டு எப்பவும் செய்யற மாதிரி செஞ்சு காட்டு.”

அம்மா ஃபேனை நிறுத்தினாள். குழாய்களை எடுத்துப் பார்கோடு கருவியில் காட்டினாள். படிவத்தில் பெயரையும் குழாயில் பெயரையும் ஒத்துப் பார்த்தாள். பத்துக் குழாய் முடிந்ததும் தாங்கியில் அடுக்கத் தொடங்கினாள். அடுக்கி முடிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. கையுறையோடு கடவுச்சொல்லைத் தட்டினாள். திரையில் புள்ளிகள்தான் தெரிந்தன, எந்த எழுத்து விழுந்தது என்று தெரியாது. தவறு. மறுபடி தட்டினாள். தவறு.

“மூணாவது தடவை தப்பினா பத்து நிமிஷம் போச்சு. அதனால இப்போ என்ன பண்ணுவேன் தெரியுமா?” கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். கை கழுவினாள். துடைத்தாள். பதினான்கு எழுத்தை ஒவ்வொன்றாகத் தட்டினாள். புதுக் கையுறையை எடுத்தாள். ஈரக் கையில் அது ஏறவில்லை. இழுத்து இழுத்து மாட்டினாள்.

மகள் குறித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“முதல் ரெண்டு நாள் எண்ணினேன். முப்பத்தெட்டு. மூணாம் நாள் உன் மாமன்கிட்ட புலம்பினேன். அவன்தான் வண்டியில கிடந்த ஃபேனைக் கொண்டுவந்து வச்சுட்டு, நூலும் கட்டிட்டுப் போனான்.” அம்மா கையுறையை விரல் நுனி வரை இழுத்துவிட்டாள். “நீ பழகிடும்னே. சாம்பிளுக்குப் பழகுமாடி?”

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஓடினாள்.

மேடம் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஃபேன், நூல், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும். கடைசியில் மகள், “படிவத்துல எல்லா அறைகளும்னு எழுதினது நான் மேடம். போய்ப் பார்க்காம எழுதினேன்” என்றாள்.

“கையெழுத்துப் போட்டது நான்” என்றார் மேடம். எழுந்தார். “வா.”

கீழே வந்து ஃபேனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மவுஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுவரோரப் பெட்டியிலிருந்து கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு பூட்டியிருந்த இரண்டாம் எண் கணினியின் முன்னால் நின்று தன் கடவுச்சொல்லைத் தட்டினார்.

தவறு.

மேடம் இன்னும் மெதுவாகத் தட்டினார். தவறு. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டே தட்டினார்.

பத்து நிமிடம் காத்திருக்கவும் என்றது திரை.

அம்மா ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். “உட்காருங்க மேடம். பத்து நிமிஷம்.”

நெட்டையர் இருமுவதுபோல் நடித்து வெளியே போனார். மேடம் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்து, முதல் தடவையாகச் சிரித்தார். மகளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“எச்சரிக்கைக் கடிதம் உண்டு” என்றார் மேடம். “ஃபேனுக்கு.”

“கொடுங்க. ஃபேன் வாங்கிக்கும்” என்றாள் அம்மா.

“உங்களுக்குத்தான்.”

“சரி. வாங்கிக்கிறேன். ஆனா இதுக்கு வழி?”

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெளிக்கதவுக்கு எல்லோரிடமும் அட்டை இருக்கிறது. அதே அட்டையைக் கணினிக்கும் வைத்தால் என்ன? அட்டையைக் காட்டினால் திறக்கும், இன்னொரு தடவை காட்டினால் பூட்டும். காலையில் ஒரே ஒரு தடவை கடவுச்சொல், கையுறை போடுவதற்கு முன்னால். இந்த அறையில் மட்டும் தானாகப் பூட்டுவதற்கு இரண்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம். வகுப்பில் படித்ததுதான், ஆனால் இங்கே சரிப்படுமா என்று தெரியவில்லை.

“கதவுக்கு வாங்கின கார்டு ரீடர் ஆறு ஸ்டோர்ல மிச்சம் கிடக்கு” என்றார் மேடம் யோசனையாக.

“ரெண்டு கையிலயும் சாம்பிள் ரேக் இருக்கும். கார்டை எதால காட்டுறது?” என்றாள் அம்மா. உடனே அவளே மேஜை விளிம்பைப் பார்த்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். விளிம்பில் இடுப்பால் ஓர் இடி இடித்துப் பார்த்தாள். “ஆங். இங்கே வச்சா போதும்.”

“ஒரு வாரம் பார்ப்போம்” என்றார் மேடம். “ஆனா ஒண்ணு. அவங்கவங்க கார்டு, அவங்கவங்க பேரு. இத்தனை நாளா மூணாம் நம்பர்ல எல்லாரும் செஞ்ச வேலை பூரா உங்க பேர்லதான் பதிவாகியிருக்கு. போன வாரம் ஒரே நாள்ல ரெண்டாயிரம் சாம்பிள் பார்த்திருக்கீங்க.”

“அப்போ எனக்கு மாலை போடணும் மேடம்” என்றாள் அம்மா.

மகள் சிரிக்கவில்லை. “அம்மா, ரெண்டாயிரத்துல ஒண்ணு தப்பாகியிருந்தா அதுவும் உன் தப்புதான். யாரு செஞ்சதுன்னு யாராலும் சொல்ல முடியாது.”

அம்மா அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது.

தெரிந்த அடுத்த நிமிடமே அது நடந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் மேடம் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டாம் எண்ணைத் திறந்தார். அதில் மூன்றாம் எண்ணின் பதிவுகளை மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு நாப்பத்திரண்டு. ஒரு நோயாளியோட முடிவைத் திறந்திருக்கீங்க, இதுல நம்பர் மட்டும்தான் தெரியுது. நாலு நிமிஷம் திறந்தே இருந்திருக்கு. சாம்பிள் வாங்குற வேலைக்கு முடிவைப் பார்க்க வேண்டியதில்லையே?”

“நானா?”

“பேரு உங்க பேரு.”

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே நான் கிளம்பிட்டேன் மேடம்.”

“அப்படித்தான் இருக்கும். ஆனா எழுத்துல இருக்கிறது உங்க பேரு.” மேடத்தின் குரலில் கடுமை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஃபேனை நான் சிரிச்சுட்டு விட்டுடலாம். ஒருத்தரோட முடிவை வேலையில்லாதவங்க பார்த்தா விட முடியாது.”

அம்மா இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குழாயை மாற்றி வைக்காதவள். அவள் மகளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. உதவி கேட்டும் இல்லை. என் பேச்சை நீயாவது நம்புகிறாயா என்று மட்டும்.

“கதவு” என்றாள் மகள்.

“என்ன?”

“வெளிக்கதவு மேடம். அது ஒவ்வொருத்தர் கார்டையும் தனித்தனியா எழுதும். அதை ஃபேன் வச்சு ஏமாத்த முடியாது.”

அங்கேயே திறந்தாள். அவசரத்தில் தேதியை இரண்டு தடவை தப்பாகப் போட்டாள். வெள்ளிக்கிழமை. அம்மாவின் அட்டை. காலை ஏழு ஐம்பத்து மூன்று, உள்ளே. மாலை நாலு மணி ஆறு நிமிடம், வெளியே. அதற்குப் பிறகு சனிக்கிழமை காலை வரை அந்த அட்டை எந்தக் கதவையும் தொடவில்லை.

மேடம் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டார். “மன்னிச்சுக்கோங்க.”

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். “ஒரு டீ கிடைக்குமா?” என்றாள் யாரிடமோ. நெட்டையர் ஓடினார்.

“பாதுகாப்பு, பாதுகாப்புன்னு நீங்க குதிக்கறதுல ஒரு பிரயோஜனம் இருக்கு போல” என்றாள் மகளிடம், நெட்டையர் கோப்பையோடு மஞ்சள் கோட்டுக்கு அப்பால் வந்து நின்றதும். அதுதான் சமாதானம் என்று மகளுக்குப் புரிந்தது. அம்மாவின் கையுறைக் கையில் தன் கையை வைத்தாள். “தொடாதே, அழுக்கு” என்றாள் அம்மா. ஆனால் கையை எடுக்கவில்லை.

மேடம் அதற்குள் வெள்ளிக்கிழமையின் கதவுப் பதிவில் அடுத்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள் அந்த அறையில் இருந்த அட்டைகள் மூன்றுதான். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி மடித்தார். “நாளைக்குக் காலைல மூணு பேரையும் கூப்பிட்டுக் கேக்கறேன். அதுவரைக்கும் இதை யாரும் பேச வேண்டாம்.”

மடிப்பதற்குள் மகள் படித்துவிட்டாள். நெட்டையர். மாலை நேரத்துப் பெண். மூன்றாவது, வண்டி ஓட்டுநர்.

அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மாமா வழக்கம்போல் அவளை வகுப்புக்கு ஏற்றிக்கொண்டார். வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டியின் பின்னால் காலிப் பெட்டிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

“என்ன மருமகளே, என் ஃபேனைக் கைது பண்ணிட்டீங்களாமே?”

“ம்.”

“அதுக்கு ஜாமீன் உண்டா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பேசக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். பேசாமல் இருப்பதும் ஒரு பொய்யா? இரண்டு சிக்னல் கடந்தது.

“அக்காவை ஏதும் சொல்லலியே?” என்றார் மாமா.

“எச்சரிக்கைக் கடிதம்தான். அதோட முடிஞ்சுது.”

“அதோடயா? கேன்டீன்ல ஏதோ வெள்ளிக்கிழமைன்னு பேசிக்கிட்டாங்களே.”

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

“அக்கா பேர்லயா விழுந்துச்சு அது?”

“மாமா, நான் எதுவும் கேக்கல. நீங்களும் எதுவும்…”

“இரு. நான் சொல்றேன். நீ கேக்க வேண்டாம், கேட்டுக்க மட்டும் செய்.” மாமாவின் குரலில் கேலி இல்லாமல் அவள் கேட்டதே இல்லை. “கழுத்துல ஒரு கட்டி. ரெண்டு மாசமா. அக்காகிட்ட சொன்னா சாப்பாடு, தூக்கம் எல்லாத்தையும் விட்டுடுவா. போன புதன்கிழமை ஊசி போட்டு எடுத்து அனுப்பினாங்க. அந்தப் பெட்டியை நானே ஓட்டிட்டு வந்தேன், தெரியுமா? டாக்டர் அடுத்த செவ்வாய்க்கு வான்னுட்டாரு. ஆறு நாள். வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கிட்டு நிக்கறேன், கம்ப்யூட்டர் திறந்து கிடக்கு. என் சாம்பிள் நம்பர் எழுதின சீட்டு என் பையில.”

“பார்த்தீங்க.”

“நாலு நிமிஷம் பார்த்தேன். ஒரு எழுத்து புரியல. பார்க்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் அந்தப் புரியாத வார்த்தையையே மென்னுக்கிட்டு இருந்தேன்.”

நேற்று செவ்வாய்க்கிழமை. “டாக்டர் என்ன சொன்னார் மாமா?”

மாமா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டார். “ஒண்ணுமில்லையாம். சும்மா கொழுப்புக் கட்டியாம். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு உங்க அம்மா சின்ன வயசுலேருந்து சொல்றா. எழுதியே கொடுத்துட்டாங்க.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாமாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இரண்டு மாதம். பாத்ரூம் பூட்டைப் பற்றிக் கேலி செய்துகொண்டே இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

“அடிக்காதே, பூட்டுக்காரி. வேலை போகப்போற மனுஷன்.” சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். “போனா போகட்டும். நான் பார்த்தது அக்கா தலையில விடியக் கூடாது. நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன்.”

“உங்க முடிவைத்தான் பார்த்தீங்க மாமா. வேற யாரோடதும் இல்ல.”

“அது உங்க மேடத்துக்குத் தெரியணுமே.”

அவளுக்கும் தெரியவில்லை. விதியில் ‘வேலைக்குச் சம்பந்தமில்லாதவர்’ என்றுதான் இருந்தது. தன்னுடைய முடிவையே பார்ப்பவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைத் தட்டச்சு செய்தபோது அவளும் யோசிக்கவில்லை.

வண்டி மறுபடி கிளம்பியது. வகுப்பு வாசலில் இறங்கும்போது மாமா ஹாரனை இரண்டு தடவை அடித்தார். வெகு நாளாக அவர் அப்படி அடிக்காததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ஆசிரியர் இன்னும் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 12, புதன்.

தவறு: ஓர் அறை குறை சொல்வதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மாமா கேலி செய்தால் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

காரணம்: கேட்கவில்லை.

நாளை: காலை ஏழு மணிக்கு, அம்மா கிளம்புவதற்கு முன், மாமா அம்மாவிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது. ஒன்பது மணிக்கு மாமாவோடு மேடத்தின் அறைக்குப் போக வேண்டும். டாக்டர் கொடுத்த காகிதத்தை மாமா மறக்காமல் எடுத்துவர வேண்டும்.